தும்மாத கழுதையின் ஒன்பதாம் புத்தகம்

எனக்குப் பத்து வயதாக இருந்தபோது உலகத்தில் இருந்த ஒரே பெரிய பிரச்சினை ஒரு கழுதையின் மூக்கு.

அந்தக் கழுதை ஒரு தும்மல் போட்டால் போதும், முதுகில் இருக்கும் இளவரசியோடு வேறொரு ராஜ்யத்தில் போய் விழும். எங்கே விழுவோம் என்று அதற்கே தெரியாது. ஒரு தடவை தயிர் ஆற்றில் விழுந்தார்கள். இன்னொரு தடவை ஒரு ராஜாவின் கல்யாணப் பந்தியில், சரியாகப் பாயசத்துக்கு மேல். இப்படிப் பன்னிரண்டு சின்னப் புத்தகங்கள். பதுளையில் ஒரு இரும்புக் கடையில் வேலை செய்த மாமா, பழைய புத்தகக் கடையில் தேடி, எங்கள் தேயிலைத் தோட்டத்துக்கு வரும்போதெல்லாம் ஒன்று கொண்டுவருவார். தெமோதரையில் பஸ்ஸை விட்டு இறங்கி அவர் மேலே ஏறி வருவது தெரிந்ததும் நான் பாதி வழிக்கு ஓடுவேன். தன்னைப் பார்க்கத்தான் ஓடி வருகிறேன் என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார். நானும் அவர் மனதை நோகடிக்கவில்லை.

அம்மாவுக்கு எழுத வாசிக்கத் தெரியாது. கொழுந்து பறித்துவிட்டு வந்து சாயங்காலம் அவள் ரொட்டி தட்டும்போது, நான் அடுப்புக்குப் பக்கத்தில் பலகையைப் போட்டு உட்கார்ந்து வாசிப்பேன். அம்மா சிரிக்கிற சிரிப்பில் ரொட்டிக்கு மூலை முளைக்கும். கேட்டதையெல்லாம் அவள் மறுநாள் மலையில் பக்கத்துத் தேயிலை வரிசையில், பக்கத்து நிரையில் பறிக்கும் பெண்களுக்குச் சொல்லிவிடுகிறாள் என்பது எனக்கு முதலில் தெரியாது. பள்ளிக்கூடம் விட்டு வரும்போது எங்கள் லயத்து வீட்டு வரிசையில் அடுத்த காம்பராப் பெரியம்மா வழிமறித்து, “ஏ பாப்பா, அந்தத் தயிர் ஆத்துலருந்து ஏறிட்டாங்களா, இல்லியா?” என்று கேட்டபோதுதான் தெரிந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. தோட்டமே என் வாயைப் பார்த்துக்கொண்டிருப்பதாக நினைத்துக்கொண்டேன்.

எட்டாம் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் ஒரு சூனியக்காரி கழுதையின் மூக்கைத் திருடிவிட்டாள். மூக்கே இல்லாமல் எப்படித் தும்முவது? நான் நாளை எண்ணிக்கொண்டிருந்தேன். மாமா கொண்டுவந்ததோ பத்தாம் புத்தகம். ஒன்பது கடையில் இல்லையாம்.

“இதப் படியேன். எல்லாம் அதே கழுததானே?” என்றார்.

மாமாவின் மேல் எனக்கிருந்த மரியாதை அன்றைக்குக் கொஞ்சம் குறைந்தது. ஒன்பது வராமல் பத்தைத் தொடமாட்டேன் என்று அதைத் தகரப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினேன். அம்மா எவ்வளவோ கெஞ்சியும் பெட்டியைத் திறக்கவில்லை.

அந்தச் சனிக்கிழமை அம்மாவுக்குத் தேத்தண்ணி எடுத்துக்கொண்டு மலைக்குப் போனேன். பகல் கொழுந்து நிறுக்கும் நேரம். நிறுக்கும் கொட்டகையான மடுவத்தில் பெண்கள் கூடைகளை இறக்கிவைத்துவிட்டு அம்மாவைச் சுற்றி நின்றார்கள். அம்மா கதை சொல்லிக்கொண்டிருந்தாள். சூனியக்காரி மூக்கை ஒரு அரக்கனுக்கு விற்றுவிட்டாளாம். அரக்கனுக்குச் சொந்தமாக ஒரு தேயிலை மலை இருக்கிறதாம். ஒரு கூடை கொழுந்து சரியாக நிறுத்துக் கொடுத்தால் மூக்கைத் தருவானாம். ஆனால் இளவரசி எவ்வளவு பறித்தாலும், கூடைக்கு இவ்வளவு, தண்ணிக்கு இவ்வளவு, காத்துக்கு இவ்வளவு என்று கழித்துவிடுவானாம். கழிப்பதற்கு முன்னால் மீசையை ஒரு முறுக்கு முறுக்குவானாம்.

பெண்கள் இடுப்பில் கட்டியிருந்த படங்குச் சாக்கை வாயில் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். தராசுக்குப் பக்கத்தில் நின்று நிறுத்துக் கழித்து எழுதும் கணக்கப்பிள்ளை ஐயாவும் சிரித்தார். அவருக்கும் நல்ல மீசை.

“இது எந்தப் புத்தகத்துல இருக்கு?” என்று வீட்டில் கேட்டேன்.

“ஒம்பதுலதான் இருக்கும்,” என்றாள் அம்மா, ரொட்டியைத் திருப்பிக்கொண்டே. அவள் சொன்ன விதத்தில் நான் பாதி நம்பிவிட்டேன். கணக்கப்பிள்ளை ஐயா அதற்குப் பிறகு மீசையை முறுக்குவதில்லை என்பதையும் கவனித்தேன். மீசையில் ஏதோ புண் என்று நினைத்தேன்.

மூன்றாவது வாரம் மாமா ஒன்பதைக் கண்டுபிடித்துக் கொண்டுவந்தார். வழியிலேயே குந்திப் படித்தேன். சூனியக்காரியின் பூனைக்குப் பொழுது போகவில்லை. மூக்கைக் கவ்விக்கொண்டுவந்து நாலாம் பக்கத்திலேயே திருப்பிக் கொடுத்துவிட்டது. அரக்கனும் இல்லை, தேயிலையும் இல்லை. எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. புத்தகத்தோடு மடுவத்துக்கு ஓடினேன்.

அங்கே கதை உச்சத்தில் இருந்தது. இளவரசி அரக்கனைப் பார்த்து, “எல்லாத்தையும் நிறுத்துட்டே. இப்ப நீ ஏறு, ஒன்னையும் நிறுப்போம். ஒனக்கு என்னென்ன கழிக்கணும்னு நாங்க சொல்றோம்,” என்கிறாளாம். அரக்கன் ஒரு காலைத் தூக்கித் தராசில் வைக்கிறான். பெண்கள் இன்னும் ஒரு அடி நெருங்கி நின்றார்கள்.

“பொய்!” என்று கத்தினேன். “புத்தகத்துல அப்புடி இல்ல!” நாலாம் பக்கத்தை எடுத்து, பள்ளிக்கூடத்தில் வாசிப்பதுபோல் நிறுத்தி நிறுத்தி வாசித்துக் காட்டினேன்.

முடித்தபோது யாரும் சிரிக்கவில்லை. பெரியம்மாதான் முதலில் பேசினார். “அத எழுதுனவரு ஒரு நாளும் கொழுந்து நிறுத்திருக்க மாட்டாரு போல.” பிறகு அம்மாவின் பக்கம் திரும்பினார். “நீ சொல்லும்மா. அரக்கன் ஏறுனானா?”

“ஆமா, ஏறுனானா?” என்று கேட்டவர் கணக்கப்பிள்ளை ஐயா. பென்சில் கையிலேயே நின்றது.

அம்மா என் முகத்தைப் பார்த்தாள். “புள்ள படிச்சதுதாங்க சரி,” என்று கூடையைத் தூக்கிக்கொண்டாள். நான் ஜெயித்துவிட்டதாக நினைத்து மலையிலிருந்து குதித்துக் குதித்து இறங்கினேன்.

அதற்குப் பிறகு புத்தகத்தில் உள்ளதை மட்டும்தான் அம்மா மலையில் சொன்னாள். கணக்கப்பிள்ளை ஐயாவின் மீசைப் புண்ணும் ஆறிவிட்டது. பழையபடி முறுக்க ஆரம்பித்தார்.

பன்னிரண்டு புத்தகமும் இன்று பதுளையில் என் அலமாரியில் இருக்கின்றன. ஒன்பதாவதை மட்டும் நான் திரும்ப எடுத்ததில்லை. எடுக்க வெட்கமாக இருக்கிறது. தும்மும் கழுதையை நம்பிய எனக்கு, தேயிலை மலை வைத்திருந்த அரக்கனை நம்ப முடியாமல் போய்விட்டது. ஒரு கதைக்கு இன்னொரு ஆளும் சொந்தக்காரியாகலாம் என்று அப்போது எனக்குத் தெரியாது. போன பொங்கலுக்கு அம்மாவிடம் கேட்டேவிட்டேன்: “அரக்கன் ஏறுனானா, இல்லியாம்மா?”

அம்மா பொக்கை வாயால் சிரித்தாள். “எனக்கென்னம்மா தெரியும்? புத்தகத்துல பாரு.”