மழையில் தூக்கிய பச்சைப் பானைகள்

உங்கள் பெரியம்மாவை நாங்கள் முதன்முதல் பார்த்த கதையைக் கேட்டீர்கள். நடந்தபடியே எழுதுகிறேன்.

வெங்காயத்துக்கு நல்ல விலை இருந்த காலம். பொங்கலுக்குச் சில நாள் முந்தி, ஐயா அண்ணையையும் சின்னப் பெடியனான என்னையும் கூட்டிக்கொண்டு அராலித்துறையில் வள்ளம் ஏறினார். தீவில் ஒரு ஊர். சட்டி பானைக்குப் பேர்போனது. மற்றப்படி காகம் கத்துவதுதான் அங்கே பெரிய சத்தம்.

"சட்டி வாங்கப் போறம். ஆரும் கேட்டால் சுன்னாகத்து வெங்காயத் தோட்டக்காரர் எண்டு சொல்லு. இல்லாட்டி வாயைத் திறவாதை" என்றார் ஐயா.

எனக்கு ஒன்றும் ஓடவில்லை. நாங்களே சட்டி பானை செய்கிறவர்கள். வீடு முழுக்கச் சட்டி. அண்ணைக்குப் பெண் பார்க்கத்தான் போனோம் என்பது பிறகுதான் தெரிந்தது. பார்த்துவிட்டு வேண்டாமென்று திரும்பினால் அந்தப் பிள்ளைக்குத்தான் ஊரில் கதை வரும். அதற்கு ஐயா கண்டுபிடித்த உபாயம் அது.

பார்க்கப் போன அக்காவின் வீட்டில், தோட்டக்காரர் என்றதும் அவவின் தகப்பன் தோளில் கிடந்த சால்வையை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார். தோட்டக்காரருக்கு முன்னால் எங்கள் ஆட்கள் அந்தக் காலத்தில் அப்படித்தான் நிற்கவேணும். ஐயா அவருடைய முகத்தைப் பார்க்கவில்லை. முற்றத்தைப் பார்த்தார். முற்றம் நிறையப் பொங்கல் பானைகள், இன்னும் சூளையில் வைக்காதவை, காய்ந்துகொண்டிருந்தன.

ஐயா ஒரு சட்டியைத் தட்டிப் பார்க்கிற நேரம் மழை பிடித்துக்கொண்டது. சுடாத பானை நனைந்தால் திரும்பவும் சேறுதான். அந்த வீட்டுப் பொங்கல் முழுவதும் அந்த முற்றத்தில்தான் இருந்தது.

"ஐயோ அப்பு, பானை!" என்று அக்கா தகப்பனைக் கூப்பிட்டுக் கத்தினா.

நாங்களும் ஓடினோம். சுட்ட பானையை எல்லாரும் கழுத்தில் பிடித்துத் தூக்குவார்கள். சுடாத பச்சைப் பானையை அப்படித் தூக்கினால் கழுத்து மட்டும் கையோடு வரும். அண்ணை அடியில் இரண்டு கையையும் கொடுத்து, நெஞ்சோடு அணைத்துக் கொண்டுபோய் வைத்தார். ஐயாவும் அப்படித்தான். நானும் அப்படித்தான். ஒன்றும் உடையவில்லை.

அக்கா தலையைத் துடைத்துக்கொண்டே, "சுன்னாகத்திலை வெங்காயத்தையும் இப்பிடித்தான் தூக்குறவையோ?" என்று கேட்டா.

தகப்பன் ஐயாவின் கைகளைப் பார்த்தார்.

"எந்த ஊர்ச் சூளை?"

ஐயா ஊரைச் சொல்லி, வந்த காரியத்தையும் சொன்னார். "பிழையா நினையாதையுங்கோ."

தகப்பன் சால்வையை அவிழ்த்து உதறித் தோளில் போட்டார். "அதுக்கு என்னை இவ்வளவு நேரமும் நிக்க வைச்சே கதைச்சனீர்? இரும் காணும்" என்று திண்ணையைக் காட்டினார். அது கோபமா பகிடியா என்று எனக்குப் பிடிபடவில்லை.

புறப்படும்போது அக்கா என்னை வேலிப் பக்கம் கூப்பிட்டு அவித்த பனங்கிழங்கு ஒன்று தந்தா.

"உங்கடை வீட்டிலை பானைக்கு மண் மிதிக்கிறது ஆர்?"

"அண்ணைதான்."

"கோவக்காரரோ?"

"சூளை நனைஞ்சால் மட்டும்."

"கோவம் வந்தாப் பேந்து?"

"பேந்து தானே சிரிப்பார்."

"சரி, போட்டு வா" என்றா.

வள்ளத்தில் ஐயா, காரியம் கெட்டுப்போச்சு என்று புறுபுறுத்துக்கொண்டு வந்தார். அண்ணை தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். பாவமாக இருந்தது.

"அந்த அக்காவுக்கு எங்கடை மண்ணிலை நல்ல விருப்பம். மிதிக்கிறது ஆர் எண்டு கேட்டவா" என்றேன்.

அண்ணை திரும்பினார். "வேறை என்ன கேட்டவா?"

எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டு முடிந்ததும் அவர் என் கையிலிருந்த பனங்கிழங்கை வாங்கி, ஒரு துண்டுகூடத் தராமல் முழுவதையும் தானே தின்றார். கரை வரும்வரை நான் அழுதேன். என்னிடம் ஒருநாளும் எதையும் பறிக்காத அண்ணைக்கு அன்றைக்கு மட்டும் ஏன் அப்படிப் பசித்தது என்று எனக்கு விளங்கவே இல்லை.