லோகா டீச்சர் கேட்கக் காத்திருந்த குரல்

செய்தி வாட்சாப்பில்தான் வந்தது. பள்ளிச் சுற்றறிக்கையில் ‘புலனம்’ என்று அழகாக எழுதுவோம். வாயில் வருவது வாட்சாப்தான். காலை இடைவேளையில் கேண்டினில் உட்கார்ந்து நாசி லெமாக் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தேன். ஆசிரியர் குழுவில் ஒரு படம் வந்து விழுந்தது. குத்துவிளக்கு, ரோஜா மாலை, நடுவில் லோகா டீச்சரின் அடையாள அட்டைப் படம். அந்தப் படத்தை அவருக்குப் பிடிக்கவே பிடிக்காது. “போலீஸ் தேடுற ஆளு மாதிரி இருக்கேன்” என்பார். படத்துக்குக் கீழே கூப்பிய கைகள் வரிசையாக வரத் தொடங்கின. நானும் ஒன்றை அழுத்தினேன். அழுத்திய பிறகுதான் நடந்தது உறைத்தது. பொட்டலத்தை மூடி வைத்துவிட்டேன்.

கிள்ளானில் எங்கள் தமிழ்ப்பள்ளியில் படித்தவர்களுக்கும், அவர்களைப் பெற்றவர்களுக்கும், ஆசிரியர் அறையில் அவரோடு மல்லுக்கு நின்றவர்களுக்கும் லோகநாயகி டீச்சரை நான் அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். அறியாதவர்களுக்கு ஒரு வார்த்தை: அவர் தமிழ்மொழி ஆசிரியை. பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் பிறந்தவர், கடைசிவரை பிரிக்பீல்ட்ஸை விட்டு நகராதவர். தினமும் கொமுட்டர் ரயிலில் கிள்ளானுக்கு வந்து போவார். நான் அதே பள்ளியில் கணினிக்குப் பொறுப்பாசிரியன். வயர் இழுப்பது, மறந்துபோன பாஸ்வேர்டை மீட்டுக் கொடுப்பது, பிரிண்டரில் சிக்கிய தாளை உருவுவது எல்லாம் என் தலையில்தான். அதனால் நான் அவருக்கு ‘வயர் தம்பி’. என் சொந்தப் பெயரைச் சொல்லி அவர் என்னைக் கூப்பிட்டதாக நினைவில்லை.

தொடக்கத்தில் எங்களுக்குள் ஏழாம் பொருத்தம். வகுப்புகளில் எல்சிடி புரொஜெக்டர் மாட்டியபோது எல்லா ஆசிரியர்களும் கைதட்டினார்கள். டீச்சர் மட்டும், “சுவத்துல படம் ஓடுனா புள்ளைங்க சுவத்தப் பாக்கும். நான் யாரப் பாக்குறது?” என்று கேட்டார். தான் பிடித்த முயலுக்கு மூன்று கால் என்று நிற்கிறவர் என்று நினைத்து விட்டுவிட்டேன். அவர் வகுப்பு எல்சிடி மேல் பல மாதம் பிள்ளைகள் செய்த காகிதப் பூமாலை தொங்கியது.

ஒருநாள் அவரே வந்தார். கடற்கரையைப் பற்றிக் கட்டுரை எழுதவேண்டும், மோரிப் இத்தனை அருகில் இருந்தும் வகுப்பில் பாதிப் பேர் கடலைப் பார்த்ததில்லை, ஏதாவது படம் போட முடியுமா என்று கேட்டார். சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. நல்ல காணொளியாகத் தேடி, இசையும் விளக்கமும் சேர்ந்ததாகப் பார்த்துப் போட்டேன். ஓடத் தொடங்கியதும், “சத்தத்த நிறுத்துங்க, வயர் தம்பி” என்றார்.

“டீச்சர், அதுல எல்லாத்தையும் நல்லா சொல்லுவாங்க லா.”

“அதான் நிறுத்தச் சொல்றேன். அவங்களே சொல்லிட்டா எம்புள்ளைங்க என்னத்தச் சொல்லும்?”

சத்தமில்லாமல் கடல் ஓடியது. பிறகு ஒரு பையன், அம்மா மெத்தை விரிப்பை உதறுவதுபோல் அலை வருகிறது என்றான். அதற்குப் பிறகு வகுப்பை நிறுத்தமுடியவில்லை. பின்னால் நின்ற எனக்கு முதலில் கோபம்தான். அத்தனை சிரமப்பட்டுத் தேடியது வீணாயிற்றே என்று. ஆனால் அன்றைய கட்டுரைகளை அவர் எனக்குப் படித்துக் காட்டியபோது கோபம் போய்விட்டது.

கொரோனா நடமாட்டக் கட்டுப்பாடு வந்து பள்ளிகளை மூடினார்கள். காணொளி வகுப்பு நடத்துவது எப்படி என்று எல்லாருக்கும் நான் பாடம் எடுத்தேன். டீச்சர் ஒழுங்காகக் கற்றுக்கொண்டு, கண்மை தீட்டி, புடவை கட்டி, திரைக்கு முன்னால் உட்கார்ந்தார். எதிரே விரல்விட்டு எண்ணக்கூடிய முகங்கள். மற்றப் பிள்ளைகளின் வீட்டில் ஒரே போன். அதுவும் போர்ட் கிள்ளானுக்கு லோரி ஓட்டும் அப்பாவோடு காலையிலேயே போய்விடும். விசாரித்துத் தெரிந்துகொண்டதும் காணொளியை அன்றோடு விட்டார். “புள்ள கையில எப்ப போன் வருதோ, அப்பதான் எனக்குப் பள்ளிக்கூடம் திறக்குது” என்றார்.

ஒரு பக்கத்தைச் சத்தமாக வாசித்து வாட்சாப்பில் குரலாக அனுப்பவேண்டும், அவ்வளவுதான் பாடம். ஒவ்வொரு பிள்ளைக்கும் அவரும் குரலிலேயே பதில் அனுப்புவார். மாலையில் பெற்றோர் குழுவில் ஒரு பிள்ளையின் வாசிப்பைப் போடுவார். அதற்கு ‘இன்றைய குரல்’ என்று பெயர். தங்கள் பிள்ளையின் முறை எப்போது வரும் என்று பெற்றோர் காத்திருப்பார்கள். வந்துவிட்டால் ரவாங்கில் இருக்கும் சித்தி, சுங்கை பூலோவில் இருக்கும் மாமா என்று எல்லாருக்கும் அனுப்பிவிடுவார்கள். ஊரே அடைந்து கிடந்த நாளில் அந்த ஒன்று எங்களுக்கெல்லாம் ஆறுதலாக இருந்தது.

டீச்சரின் மூன்றாம் ஆண்டு வகுப்பில் தர்ஷினி என்றொரு பெண். திக்கிப் பேசுவாள். வகுப்பில் வாசிக்கும் முறை நெருங்கும்போதே கழிப்பறைக்குப் போக அனுமதி கேட்டுவிடுவாள். அந்தப் பிள்ளை ஒருநாள் முழுப் பக்கத்தையும் வாசித்து அனுப்பினாள். டீச்சர் உடனே என்னைக் கூப்பிட்டார். “முழுசாப் படிச்சிருக்கா, தம்பி! விடவே இல்ல, கடைசி வரிவரைக்கும் வந்துட்டா!” அழுகிறாரா சிரிக்கிறாரா என்று தெரியவில்லை. அன்று மாலை இன்றைய குரலாக அதைத்தான் போட்டார்.

வேலை முடிந்து வந்த ஒரு தகப்பனார் கேட்டுவிட்டு எழுதினார்: “டீச்சர், லைன் சரியில்லையா? விட்டு விட்டுக் கேக்குது.” இன்னொருவர், தன் வீட்டிலும் அப்படித்தான், ரவுட்டரை மாற்றவேண்டும் என்றார். கீழே இரண்டு மூன்று சிரிக்கும் முகங்கள் வந்தன. அவர்கள் லைனைப் பார்த்துத்தான் சிரித்தார்கள்; ஒருவர் மனத்திலும் கெடுதல் இல்லை. ஆனால் அம்மாவின் போனைக் கையில் வைத்துக்கொண்டு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவள் தர்ஷினி.

டீச்சர் அதை அழித்தார். அதற்குள் எத்தனை போனில் இறங்கியதோ. ஒவ்வொரு வீட்டுக்கும் கூப்பிட்டு அழிக்கச் சொன்னார். கட்டுப்பாடு தளர்ந்ததும் தர்ஷினியின் வீட்டுக்கே போனார். “பரவால்ல டீச்சர், நீங்க வேணும்னேவா செஞ்சீங்க?” என்றார் அவள் அம்மா. பிள்ளை அறையைச் சாத்திக்கொண்டு வெளியே வரவில்லை. சாத்திய கதவைப் பார்த்து, “என் தப்புதாம்மா” என்று சொல்லிவிட்டு வந்தாராம். பிறகு என்னிடம், “சந்தோஷத்துல எனக்குக் கண்ணு தெரியாமப் போச்சு, தம்பி. அவ எனக்குப் படிச்சுக் காட்டுனா. ஊருக்கா படிச்சா?” என்றார். இன்றைய குரல் அன்றோடு நின்றது.

இதற்குப் பிறகு இன்னொருவராக இருந்தால் தொழில்நுட்பத்துக்கே ஒரு கும்பிடு போட்டிருப்பார். பள்ளி திறந்ததும் டீச்சர் என்னிடம் வந்து பழைய டேப்லெட், எங்கள் வாயில் ‘டேப்’, நான்கைந்து கேட்டார். கொடுத்தேன். “இதுல இருக்குற லைனை எல்லாம் எடுத்துடுங்க” என்றார்.

“இன்டர்நெட் இல்லாத டேப் எதுக்கு டீச்சர்? சப்பாத்தி உருட்டவா?”

“உருட்டுறேனோ மடிக்கிறேனோ, வெளிய போறதுக்கு வழியே இல்லாத பெட்டியா வேணும் எனக்கு.”

வகுப்பின் பின்மூலையில் பாத்தேக் சாரோங் துணியைத் திரையாகக் கட்டினார். பிள்ளை உள்ளே போய் வாசித்துப் பதிவு செய்யும். தன் குரலைத் தானே கேட்கும். பிடித்தால் வைத்துவிட்டு வரலாம், பிடிக்காவிட்டால் அழித்துவிட்டு வரலாம். வைத்ததை மட்டும் டீச்சர் தம்ப் டிரைவில் ஏற்றிக்கொண்டு வீட்டில் கேட்பார். “வைக்கிறதும் அழிக்கிறதும் புள்ளையோட இஷ்டம். அதுல எனக்கு வேல இல்ல” என்பார். ரயில் ஓடுகிற வேகத்தில் வாசித்த பிள்ளைகள், தங்களைக் கேட்டுவிட்டுத் தாங்களே நிதானப்பட்டார்கள். தன் சிவப்புப் பேனாவைவிடப் பிள்ளைகளின் காது நன்றாகத் திருத்துகிறது என்று டீச்சர் பெருமையடித்துக்கொண்டார்.

மேலிடத்திலிருந்து பார்வையிட வந்த அதிகாரி டேப்புகளைத் திறந்து பார்த்தார். பாதி காலி. செய்ததற்கு எவிடன்ஸ் எங்கே, ஏன் இணையத்தில் ஏற்றவில்லை என்று கேட்டார். தலைமையாசிரியர் என்னைப் பார்த்தார், நான் தரையைப் பார்த்தேன். “எவிடன்ஸ் எல்லாம் நாற்காலியிலதான் சார் உக்காந்திருக்கு. யாரயாச்சும் எழுப்பி வாசிக்கச் சொல்லுங்க” என்றார் டீச்சர். நல்ல மனிதர், சிரித்துவிட்டு உட்கார்ந்து கேட்டார்.

தர்ஷினியும் தவறாமல் திரைக்குப் பின்னால் போவாள். போய் வெகுநேரம் இருப்பாள். வெளியே வந்தபிறகு பார்த்தால் டேப் காலியாக இருக்கும். வகுப்பு மாறி, ஆண்டு மாறி, அவள் ஆறாம் ஆண்டுக்கு வந்தபோதும் அதே கதைதான். டீச்சர் ஒருநாளும் ஏன் என்று கேட்டதில்லை. ஆனால் அவள் வெளியே வரும்போதெல்லாம் டீச்சரின் முகத்தை நான் பார்த்திருக்கிறேன். பரீட்சை முடிவு பார்க்கப் போகிற பிள்ளையின் முகம் அப்படித்தான் இருக்கும்.

பார்க்கப் பொறுக்காமல், அழித்ததை மீட்க ஒரு வழி இருக்கிறது, ஒரே ஒரு தடவை கேட்டுப் பார்க்கலாமே என்று சொன்னேன். அவர் என்மேல் உண்மையாகக் கோபப்பட்டது அன்று ஒருநாள்தான்.

“அந்த டேப்பத் தொட்டீங்கன்னா கைய ஒடிச்சிருவேன். ஒரு தடவ அவளக் கேக்காம நான் செஞ்சது போதும்.”

அவள் ஆறாம் ஆண்டு முடித்துப் போனாள். அதே ஆண்டு டீச்சரும் பணி ஓய்வு பெற்றார். பிரியாவிடை நாளில் பிள்ளைகள் கட்டிப்பிடித்து அழுதார்கள். தர்ஷினி தள்ளி நின்று புன்னகைத்துவிட்டுப் போய்விட்டாள். மேசையைக் காலிசெய்ய நான் உதவினேன். “எல்லாம் கெடைச்சுது தம்பி. அந்த ஒரு குரல் மட்டும் எனக்கு வரல” என்றார்.

அவர் போனபிறகு அந்தத் திரையும் போயிற்று. வந்தவர்கள் கெட்டவர்கள் இல்லை. அவர்களுக்கு நேரமில்லை, ஏற்றவேண்டியது ஏராளமாக இருந்தது. டேப்புகளுக்குத் திரும்ப லைன் கொடுக்கச் சொன்னார்கள், கொடுத்தேன். பின்மூலையில் இப்போது ஸ்மார்ட் போர்டு வந்த காலி அட்டைப்பெட்டி நிற்கிறது. பார்க்கும்போதெல்லாம் வயிற்றெரிச்சலாக இருக்கிறது.

டீச்சருக்கு நுரையீரல் கெட்டுப்போயிருந்தது. கடைசியாகப் பிரிக்பீல்ட்ஸ் வீட்டில் பார்த்தபோது ஒரு வாக்கியத்தை மூச்சு விடாமல் சொல்ல அவரால் முடியவில்லை. இரண்டு சொல், ஒரு நிறுத்தம். பேசவேண்டாம் என்று அவர் மகள் தடுத்துக்கொண்டே இருந்தார். கேட்கிற ஆளா? “இப்பத்தான் தெரியுது, தம்பி... அந்தப் புள்ள... ஒரு பக்கம் முழுக்கப் படிக்க... எவ்வளவு தெம்பு வேணும்னு” என்றார். பிறகு, “எப்படி இருக்கா?” என்று கேட்டார். இடைநிலைப் பள்ளியில் படிக்கிறாள் என்பதற்குமேல் எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

இறுதிச் சடங்குக்கு அவர் வீட்டு அடுக்குமாடியின் கீழே கூடாரம் போட்டிருந்தார்கள். தேவாரம் பாடிக்கொண்டிருந்தார்கள். பள்ளிச் சீருடையோடு ஒரு பெண் தன் அம்மாவுடன் வந்து நின்றாள். உயரம் கூடியிருந்தாள், எனக்கு உடனே அடையாளம் தெரியவில்லை. டீச்சரைப் பார்த்துவிட்டு, பக்கத்திலேயே நின்ற என்னிடம் நேராக வந்தாள்.

“டீச்சர் என்னைக் கேட்டாங்களா, சார்?”

கேட்டார் என்றேன். கடைசியாகப் பார்த்தபோதும் உன்னைத்தான் கேட்டார் என்றேன். தர்ஷினி தலையைக் குனிந்துகொண்டாள். பிறகு சொன்னாள், திரைக்குப் பின்னால் ஒவ்வொரு தடவையும் முழுப் பக்கமும் வாசித்தாளாம். ஒரு தடவைகூடப் பாதியில் விட்டதில்லையாம்.

“நிக்காம வர்ற ஒண்ணத்தான் டீச்சருக்குக் கொடுக்கணும்னு இருந்தேன், சார். அது வரவே இல்ல. அதான் அழிச்சேன்.”

டீச்சர் நிற்காமல் வரும் வாசிப்பை என்றைக்குக் கேட்டார்? திக்கித் திக்கி வந்த ஒன்றே போதும் என்று, அந்தத் திரைக்கு இந்தப் பக்கம் அவர் ஆண்டுக்கணக்கில் காத்திருந்தார். அந்தப் பக்கம் இவள் காத்திருந்தாள். நடுவில் இருந்தது ஒரு சாரோங் துணி. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஆறவில்லை. இனி ஆறும் என்றும் தோன்றவில்லை.

அவ்வளவையும் சொல்லிமுடிக்கத் தர்ஷினிக்கு நெடுநேரம் ஆனது. பல இடங்களில் அடுத்த சொல் என்னவென்று எனக்கு முன்னமே தெரிந்துவிட்டது. எடுத்துக் கொடுக்க வாய்வரை வந்தது. கொடுக்கவில்லை. அவள் தானாக அந்தச் சொல்லை வந்தடையும்வரை அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பொறுமை என் பிறவிக் குணமல்ல, என்னை அறிந்தவர்கள் சாட்சி. லோகா டீச்சரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அதுதான். அவர் இருந்து கேட்டிருக்கவேண்டியதை, அவருக்குப் பக்கத்தில் நின்று நான் கேட்டேன்.