எனக்காக அள்ளிய தண்ணீர்

இந்த ஊரில் நான் கண் விழிக்கும்போது என் வாளி நிரம்பியிருக்கும். மூடிகூடப் போட்டிருக்கும். நிரப்பியது நான் இல்லை. ஒட்டுசுட்டானுக்கு ஆசிரியையாக வந்து, ஒரு வீட்டின் பக்கத்து அறையில் குடியேறிய மறுநாளே இது தொடங்கிவிட்டது. அந்த அறையில் எனக்கு முன்பே இருந்தவள் ஜெனிற்றா. விடிய முதல் கிணற்றடிக்குப் போய் எனக்கும் சேர்த்து அள்ளி வைத்துவிட்டு, ஒன்றும் தெரியாதவள் மாதிரி தலை வாரிக்கொண்டிருப்பாள். "என்னாத்துக்கு நீங்க அள்ளுறீங்க? நானே அள்ளிக்குவேன்" என்றால், "பரவாயில்லை ரீச்சர்" என்று மறுபடி தலை வாரத் தொடங்குவாள்.

ஹட்டனில் இருக்கும் என் சிநேகிதிகளே, உங்களுக்கு இது சொகுசாகத் தெரியும். வடக்குக்குப் போகிறேன் என்றதும், "அங்க கிணத்தைத் தொட விடமாட்டாங்க, பார்த்து நடந்துக்க" என்று சொல்லி அனுப்பியதே நீங்கள்தானே? நான் பீலித் தண்ணீரில் வளர்ந்தவள். எங்கள் தேயிலைத் தோட்டத்து லய வீடுகளுக்குப் பின்னால் மலை ஊற்று குழாய் வழியாக இறங்கும் அந்தப் பீலியில் தினமும் குடத்துச் சண்டை நடக்கும். வரிசை தப்பி வந்தவளின் குடத்தை அம்மா ஒரு தடவை காலால் எத்தி உருட்டியே விட்டாள். ஆனால் இன்னாருடைய கை பட்டுவிட்டது என்று அங்கே யாரும் தண்ணீரைக் கொட்டி நான் பார்த்ததில்லை. இங்கே, ஒவ்வொரு விடியலிலும் அந்த நிரம்பிய வாளியைப் பார்க்கும்போது அதை எத்தி உருட்டலாம் போலிருந்தது. என் கை கிணற்றில் படக்கூடாது என்றுதானே இந்தப் பெண் இவ்வளவு பாடுபடுகிறாள்!

ஊரும் ஒன்றும் என்னைத் தாங்கவில்லை. வெயில் என்றால் அப்படியொரு வெயில். யானை ரோட்டுக்கு வந்துவிட்டதென்று பஸ் பாதி வழியில் நின்றுவிடும். பாடசாலையில் எனக்கு வைத்த பெயர் "தோட்டத்து ரீச்சர்". ஒருநாள் சக ஆசிரியை ஒருத்தி பாராட்டுகிறாளாம்: "தோட்டத்து ஆள் எண்டாலும் நீங்கள் தமிழ் நல்லாத்தான் கதைக்கிறீங்கள்." அம்மா தாயே, நான் படிப்பிப்பதே தமிழ்ப் பாடம்தான்! "ரொம்ப சந்தோஷம்ங்க" என்றேன். நான் மகிழ்ந்துவிட்டதாக நினைத்து அவளும் சிரித்தாள்.

ஜெனிற்றா முல்லைத்தீவுக் கரையைச் சேர்ந்த வேதக்காரப் பிள்ளை. அப்பாவும் தம்பிமாரும் கடல்தொழில். இவள் இங்கே ஒரு அரசாங்கக் கந்தோரில் எழுதுவினைஞர். முதல் மாதம் சுவரைப் பார்த்து உட்கார்ந்துதான் சாப்பிட்டாள். இரண்டாம் மாதம் பக்கவாட்டில் திரும்பினாள். ஊருக்குப் போய் வந்தால் ஒரு கிண்ணத்தில் மீன் குழம்பு என் மேசையில் இருக்கும். எனக்குக் காய்ச்சல் வந்தபோது மூன்று நாள் லீவு போட்டுக் கஞ்சி வைத்துத் தந்தாள். நான் போடும் தேத்தண்ணிக்குக் கோப்பையைக் கழுவி வைத்துக்கொண்டு காத்திருக்கத் தொடங்கினாள். எனக்கு அவளைப் பிடித்துப் போயிற்று, அதை ஏன் மறைக்க வேண்டும்? ஆனாலும் என் கையால் போட்ட தேத்தண்ணியைக் குடிக்கிறவள் கிணற்றடிக்கு மட்டும் ஏன் என்னை விடுவதில்லை என்று ஒவ்வொரு மடக்கிலும் நான் கறுவிக்கொண்டிருந்தேன்.

அவளுடைய ஊர் மாதா கோவில் பெருநாள் வந்தது. ஊருக்குப் புறப்படுமுன் இரண்டு வாளி, குடம், சோற்றுப் பானை, கேத்தல், கடைசியில் வெறும் பால்மா டின் வரைக்கும் நிரப்பி வரிசையாக வைத்தாள். எனக்குப் பொறுக்கவில்லை. "என் கை பட்டா உங்க தண்ணி கெட்டுருமா?" என்று கத்திவிட்டேன். அவள் முகம் வெளிறிப்போனது. "அப்பிடி இல்லை ரீச்சர்" என்று மட்டும் சொல்லி, கண்ணைத் துடைத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போனாள்.

மறுநாள் வேண்டுமென்றே எல்லாத் தண்ணீரையும் முற்றத்தில் ஊற்றிவிட்டு வாளியோடு கிணற்றடிக்குப் போனேன். கயிற்றைத் தொட்டுக்கூட இருக்க மாட்டேன், அதற்குள் குசினி வாசலில் இருந்து வீட்டுக்கார அம்மா ஓடி வந்தார்.

"அந்தப் பிள்ளை உங்களுக்குச் சொல்லேல்லையோ? தோட்டத்து ஆக்கள் எங்கட கிணத்தில கை வைக்கக் கூடாதெண்டு நீங்கள் வந்த அண்டைக்கே அவளிட்டைச் சொன்னனான். தான் அள்ளித் தாறன் எண்டு அவள் ஒப்புக்கொண்டபடியால்தானே உங்களுக்கு அறை தந்தது."

ஞாயிறு பின்னேரம் ஜெனிற்றா மீன் பொதியோடு திரும்பினாள். அவள் செருப்பைக்கூடக் கழற்றவில்லை, அதற்குள் நான் பிடித்துக்கொண்டேன். "ஏன் எங்கிட்ட சொல்லல?"

"மூண்டு வீட்டில இல்லையெண்டு சொல்லி, பெட்டியோட வந்து நிண்டனீங்கள். இதையும் சொன்னா எங்க போவீங்கள்?" நிலத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "முதல்ல உங்களைத் தெரியாதபடியால் சொல்லேல்லை. பிறகு தெரிஞ்சபடியால் சொல்லேலாமல் போச்சு."

கட்டிப்பிடித்து அழுதேன் என்று எழுதினால் உங்களுக்கு நன்றாக இருக்கும். அப்படி நடக்கவில்லை. "எனக்கு நடக்கிற அவமானத்தை எங்கிட்டயே மறைக்க நீ யாரு?" என்று கேட்டேன். அவள் அழுதாள். நானும் அழுதேன், தனித்தனியாகத்தான். அந்த மீனை நான் தொடவில்லை.

திங்கட்கிழமை அவளுக்கு முன்பே எழுந்து கிணற்றடிக்குப் போனேன். கிணற்றில் அள்ளி எனக்குப் பழக்கமில்லை. வாளி கவிழாமல் தண்ணீரில் மிதந்துகொண்டே இருந்தது. பின்னால் வந்து நின்றவள் கயிற்றை வாங்கவில்லை. வாங்கியிருந்தால் அன்றோடு அவளை வெறுத்திருப்பேன். "கயித்தை ஒருக்காச் சுண்டி விடுங்கோ, அக்கா" என்றாள். முதல் தடவையாக அக்கா. சுண்டினேன். வாளி கவிழ்ந்தது. பாதித் தண்ணீரை என் சட்டையிலேயே ஊற்றிக்கொண்டு மேலே எடுத்தேன்.

"இந்த மாசத்தோட ரெண்டு பேரும் அறையை விடுங்கோ!" வீட்டுக்கார அம்மாவின் குரல் தெருவுக்கே கேட்டிருக்கும். என்னிடம் பேசுவதற்கே இரண்டு மாதம் எடுத்தவள் நிமிர்ந்து, "ஓம் அன்ரி, விடுறம்" என்றாள்.

இப்போது வீடு தேடுகிறோம். போன வெள்ளிக்கிழமை ஐந்தாவது வீடு. கேற்றைத் திறக்காமலே அந்தப் பெண்மணி எந்த ஊர் என்று கேட்டார். "ஹட்டன், தோட்டம்தான். கிணத்தில நானே அள்ளுவேன். இப்பவே சொல்லிடுறேன்" என்றேன். அவர் என்னை விட்டுவிட்டு ஜெனிற்றாவைப் பார்த்து, "பிள்ளை, உமக்கு மட்டுமெண்டால் அறை இருக்கு" என்றார்.

ஜெனிற்றாவுக்குக் காது வரை சிவந்துவிட்டது. "எனக்கு அறை இருக்குது அன்ரி, முல்லைத்தீவில. இஞ்ச எங்கள் ரெண்டு பேருக்கும்தான் வேணும்" என்றாள்.

ரோட்டில் வவுனியா பஸ் புறப்பட நின்றது. ஏறினால், வவுனியாவில் பஸ் மாறி விடிவதற்குள் ஹட்டன் வீடு சேர்ந்துவிடலாம். எனக்குச் சனி, ஞாயிறு லீவு. இந்த ஊரின் ஒரு கல்லும் எனக்கு வேண்டாம் என்று அந்த நிமிஷம் மனதார நினைத்தேன். கண்டக்டர், "அக்கா, ஏறுறீங்களோ இல்லையோ?" என்று கத்தினான். எதிர்ப் பக்கத்தில் ஜெனிற்றா ஆறாவது வீட்டின் கேற்றில் ஏற்கனவே கை வைத்திருந்தாள். தட்டவில்லை, நான் வரட்டும் என்று நின்றாள். இந்த ஊரை வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே நான் ரோட்டைக் கடந்தேன்.