கொழும்பிலிருந்து மெல்ல வந்த மீசை

மகளின் வாப்பா மவுத்தான பிறகு வீட்டில் நானும் அவளும்தான். அவளுக்குக் கொழும்புக் கந்தோர் ஒன்றில் கணக்கு வேலை. கல்முனையில் எங்கள் வீட்டில் இருந்தே செய்து பார்க்க ஒரு மாதம் தந்திருந்தார்கள். வேலை சுணங்கினால் அவள் திரும்பக் கொழும்புக்குப் போய் அறை எடுத்துத் தங்க வேண்டும். எனக்கு அந்தப் பயம்தான்.

கந்தோரில் இருக்கிற கம்பியூட்டரின் திரை அப்படியே எங்கள் வீட்டு லெப்டொப்பில் தெரியும். அங்கே உள்ள கணக்கை இங்கிருந்தே திறக்கலாம். ஆனால் எங்கள் பக்கம் சிக்னல் மெலிசு. தொட்டதெல்லாம் யோசித்துத்தான் அசையும்.

அந்தத் திரை முழுக்க மனேஜரின் படம், கந்தோர் சுற்றுலாவில் எடுத்தது. ஒரு கணக்கை மூடினால் அவர் வருவார். ஒரேயடியாக வரமாட்டார். முதலில் தலைமயிர், பிறகு நெற்றி. மீசை வந்து சேர்வதற்குள் நான் தேத்தண்ணி ஊற்றி முடித்திருப்பேன். ஆனாலும் நெற்றி தெரிந்ததுமே முக்காட்டை இழுத்துக்கொள்வேன். வீடியோவில் கதைக்கும்போது நாம் பார்ப்பவர் நம்மையும் பார்க்கிறார்தானே.

“உம்மா, அது வெறும் படம். அவருக்கு உங்களத் தெரியா.”

“தெரியாத ஆளுக்கு முன்னாலதானே புள்ள முக்காடு.”

சிரித்தாள். சிரித்த முகம் உடனே வாடிவிட்டது. மாதம் முடிய இன்னும் கொஞ்ச நாள்தான் கிடந்தது. கந்தோரில் கம்பியூட்டர் பார்க்கிறவருக்குப் போன் எடுத்தாள்.

“ஒவ்வொரு தரமும் அந்தப் படமும் சேர்ந்துதான் உங்க லைன்ல வரணும், தங்கச்சி,” என்றார் அவர். “படத்த எடுங்க. நிறத்தக் குறைங்க. பக்கமெல்லாம் வழுக்கி வழுக்கித் திறக்குதே, அதையும் நிப்பாட்டுங்க.”

மகள் தயங்கினாள். “மனேஜர எடுத்தா கோவிப்பாரோ, உம்மா?”

“எடு புள்ள. ஒரு நாளைக்கு எத்தின தரம் கொழும்பால வந்து போறாரு. அவருக்கும் களைப்பாத்தானே இரிக்கும்.”

எடுத்தாள். திரை வெறும் கறுப்பானது. எழுத்துகள் கொஞ்சம் கரடுமுரடாகத் தெரிந்தன, ஆனால் தொட்டதும் கணக்குத் திறந்தது. அன்று அஸர் தொழுகைக்கு முன்பே வேலையை முடித்துவிட்டு, என்ன செய்வதென்று தெரியாமல் என் பின்னால் குசினிக்குள் சுற்றிக்கொண்டிருந்தாள்.

மாத முடிவில் மனேஜரே போன் எடுத்தார். ஸ்பீக்கரில் போட்டாள். வேலை நேரத்துக்கு வருகிறது, இனி வீட்டிலிருந்தே செய்யலாம் என்றார். என் கை தானாக முக்காட்டுக்குப் போனது.

“இப்ப படமும் இல்லையே, உம்மா,” என்றாள், போனைப் பொத்திக்கொண்டு.

“மெல்லக் கதை. மனுசன் இந்தத் தரம்தான் முழுசா வந்திரிக்காரு.”