ஒப்பனையாரும் வாய் திறக்காத கட்டங்களும்

அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்கிறது. ஆபீசில் யாருக்கும் அது நினைவில்லை, ஒப்பனையார் என்றால்தான் தெரியும். கணினி மென்பொருள்களுக்குக் கையேடு எழுதுவது தொழில். எழுதுவதைவிட, எழுதியதைச் சிங்காரிப்பதில்தான் மனிதருக்கு உயிர். ஒரு வரி மயிரிழை விலகி நின்றால் சோறு இறங்காது. அவருக்குப் பால்பற்கள்கூட ஒரே நாளில், சம இடைவெளி விட்டு முளைத்ததாக அவர் அம்மா ஊரெல்லாம் சத்தியம் செய்திருக்கிறார். நான் நம்பிவிட்டேன். நீங்களும் நம்பிவிட்டால் மேலே போகலாம்.

கையேட்டை அவர் எழுதுவது எந்த அலங்காரமும் இல்லாத வெறும் எழுத்துக் கோப்பில். தலைப்புக்கு முன்னால் ஒரு குறி, தடித்த எழுத்துக்கு இரு பக்கமும் நட்சத்திரம், ஷார்ட்கட் விசைகளைச் சுற்றி இரட்டை அடைப்பு. பிறகு எக்ஸ்போர்ட் என்று ஒரு தட்டு. கசங்கி உள்ளே போனது இஸ்திரி போட்டு வெளியே வரும்.

மற்றவர்கள் கையேட்டில் 'கன்ட்ரோல் எஸ் அழுத்தவும்' என்று சப்பென்று எழுத்தாகக் கிடக்கும். இவருடையதில் அந்த விசைகள் கீபோர்டிலிருந்து பிடுங்கி ஒட்டியது போலப் படமாக நிற்கும். முனை மழுங்கிய கட்டம், உள்ளே எழுத்து, அடியில் மெல்லிய நிழல். ஒரு குழந்தை அதைத் திரையிலிருந்து நகத்தால் பெயர்க்கப் பார்த்து நகத்தை உடைத்துக்கொண்டதாகக் கேள்வி.

படத்தில் அவருக்கு ஒரே ஒரு குறை. மவுஸ் அம்பு மேலே போனால், படத்துக்குப் பின்னால் எழுதியிருந்த விசையின் பெயர் மஞ்சள் துண்டாக எட்டிப் பார்த்தது. அசிங்கம்! எக்ஸ்போர்ட் அமைப்பைத் திறந்து, பெயர் இருந்த இடத்தைக் காலி செய்தார். மஞ்சள் துண்டு ஒழிந்தது. அந்தச் சந்தோஷத்தில் கூடுதலாக ஒரு டீ குடித்தார்.

அப்படிப் போன கையேடுகளில் ஒன்று, தண்ணீர்க் குழாய்ப் புகார்களைப் போனில் வாங்கும் அலுவலகத்துக்கு. அங்கே வேலை பார்ப்பவர்களில் ஒருத்தி அவர் மனைவியின் தங்கை, அவர் வீட்டிலேயே இருப்பவள். பிறவியிலேயே பார்வை கிடையாது. திரையில் இருப்பதைக் கணினி அவள் காதில் வாசிக்கும், அவள் விரல்கள் பதில் சொல்லும். மவுஸ் அவளுக்கு மேஜைமேல் கிடக்கும் சோப்புக் கட்டி. ஷார்ட்கட் இல்லாவிட்டால் கை கட்டிப்போட்ட மாதிரிதான். புது மென்பொருளில் வெள்ளிக்கிழமைக்குள் கை பழகாதவர்களை உறை ஒட்டும் பிரிவுக்கு மாற்றுவதாக உத்தரவு. போனில் பேசியே பாதி ஊரின் ஒழுகல்களை அடைத்தவளுக்கு, உறைக்குப் பசை தடவுகிற கதி!

"அத்தான், உங்க கையேடு எந்தக் கீன்னு சொல்லவே மாட்டேங்குது."

ஒப்பனையார் கையேட்டைத் திறந்து பார்த்தார். கட்டங்கள் ஜம்மென்று நின்றன.

"எல்லாம் இருக்கேம்மா. இப்பத்தான் பார்த்தேன். அவசரப்படாம நிதானமா கேளு."

"இதுக்கு மேல நிதானமா கேட்டா தூங்கிடுவேன் அத்தான்."

"கவனம் வேணும்மா, கவனம்."

புதன்கிழமை, பயிற்சி எப்படிப் போகிறது என்று பார்க்க அந்த அலுவலகத்துக்குப் போனார். சூப்பர்வைசர் ஹாலில் வைத்தே பிடித்துக்கொண்டார்.

"மத்தவங்க மவுஸை வெச்சு எப்படியோ தேத்திட்டாங்க சார். உங்க மச்சினிதான் தடுமாறுறாங்க. கையேட்டுல ஏதாச்சும் கோளாறா?"

கையேட்டிலா! அவர் கையேட்டிலா! மனிதருக்குச் சுருக்கென்றது.

"கையேட்டுல ஒண்ணுமில்ல சார். அவ கொஞ்சம் மந்தம். வேற வேலை குடுத்தா அவளுக்கும் நிம்மதி."

ஹாலின் கோடியில் அவள் ஹெட்போனைக் கழுத்தில் தொங்கவிட்டு உட்கார்ந்திருந்தாள். தலை நிமிரவில்லை. வேலையில் மூழ்கியிருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டு ஒப்பனையார் கிளம்பிப்போனார்.

மறுநாள் காலை வீட்டில் அவர் ஷூவுக்கு நாடா கட்டிக்கொண்டிருந்தார். சாப்பாட்டு மேஜையில் அவள் பழகிக்கொண்டிருந்தபோது ஹெட்போன் வயர் கழன்றுவிட்டது. கணினி கூடம் முழுக்கக் கேட்கிற மாதிரி வாசித்தது.

"புகாரைச் சேமிக்க, அழுத்தவும். பட்டியலுக்குத் திரும்ப, மற்றும், சேர்த்து அழுத்தவும். எச்சரிக்கை. ஒருபோதும், அழுத்த வேண்டாம்."

"என்னங்க இது, பேத்துது?" என்று சிரித்துக்கொண்டே வந்தாள் மனைவி.

ஒப்பனையாருக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு காலில் ஷூவோடு அப்படியே உட்கார்ந்துவிட்டார். படத்தைக் கணினியால் வாசிக்க முடியாது, பின்னால் இருக்கும் பெயரைத்தான் வாசிக்கும். அந்தப் பெயரை அழித்தது யார்? கண் உள்ளவர்களில் ஒருவருக்குக்கூட இந்தக் கட்டங்கள் தேவைப்படவில்லை. தேவைப்பட்டவள் ஒருத்தி. அவளுக்கு மட்டும் அவை வாயே திறக்கவில்லை. கேட்டவளிடம் 'பார்த்தேன்' என்று வேறு சொல்லியிருக்கிறார். காதில் சூடு ஏறியது.

நல்ல மனிதன் அந்த இடத்திலேயே வாயைத் திறந்திருப்பான். இவர் பூசி மெழுகப் பார்த்தார். ஆபீசுக்குப் போன கையோடு பெயர்களைத் திரும்பப் போட்டு, எக்ஸ்போர்ட் செய்து, சாயங்காலம் சத்தமில்லாமல் அவள் கணினியில் வைத்தார். அவள் ஓடவிட்டாள். கன்ட்ரோல் எஸ் அழுத்தவும் என்றது.

"அத்தான், காலையில வரைக்கும் வாயைத் தைச்சுக்கிட்டிருந்துச்சே. என்ன மந்திரம் போட்டீங்க?"

"அது... புதுப் பதிப்பும்மா."

"பழசுல என்ன தப்பு?"

"சின்னக் கோளாறு."

"ஓ. கொஞ்சம் மந்தமோ?"

"யாருடி மந்தம்?" என்றாள் மனைவி. ஒப்பனையார் முகத்தில் ஈயாடவில்லை.

வெள்ளிக்கிழமை அவளோடு அவரும் போனார். சூப்பர்வைசர் ஹாலில் நின்றபடியே மாற்றல் உத்தரவில் கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்திருந்தார்.

"சார், தப்பு கையேட்டுல. என் தப்பு. கீயோட பேரையெல்லாம் நான் அழிச்சிட்டேன். அவ மந்தமில்ல."

"நீங்கதானே சார் அன்னிக்கு..."

"நான்தான் சொன்னேன்."

"இதை உள்ள வந்து சொல்லியிருக்கலாமே. எல்லாரும் பார்க்கிறாங்க."

"அதையும் இங்க நின்னுதான் சார் சொன்னேன்."

போன்கள் அடித்துக்கொண்டிருந்தன, யாரும் எடுக்கவில்லை. சூப்பர்வைசர் பேனாவை மூடினார். "சரி, திங்கட்கிழமை வரைக்கும் பார்க்கலாம்."

"திங்கள் எதுக்கு சார்? இப்பவே எடுக்கறேன்" என்று அவள் ஹெட்போனை மாட்டினாள். முதல் அழைப்பே ஒரு மகராசி. குழாய் வெடித்துத் தெருவில் முதலை வருகிறது என்று அலறினாள். முதலைக்கு மென்பொருளில் இடமில்லை. மற்றதெல்லாம் பதிவாகி, அடுத்த அழைப்புக்கு அவள் விரல் போய்விட்டது. நாற்காலி அவளுடையதாகவே நின்றது.

அன்று சாப்பிட உட்கார்ந்தபோது அவள் கேட்டாள்.

"அத்தான், அந்தக் கட்டம் அழகு அழகுன்னு எல்லாரும் சொல்றாங்களே. எப்படி இருக்கும், சொல்லுங்களேன்."

"சின்னதா... ஒரு கட்டம்மா."

"ம்."

"முனையெல்லாம் மழுங்கினாப்ல இருக்கும்."

"ம்."

"கீழே லேசா ஒரு நிழல்."

இன்னும் ஏதோ வரும் என்று அவள் கையை நிறுத்திக் காத்திருந்தாள். அவரிடம் வேறு ஒன்றும் இல்லை.

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான்."

அவளால் பார்க்க முடியாது என்று தெரிந்தும், ஒப்பனையார் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று இடம் தேடினார்.