வாளியில் ஊறிய நீலச் சட்டை

சட்டையை ஊறப்போட்டு ஒரு மணி நேரம்கூட ஆகியிருக்காது. பெங்களூரு பக்கம் சந்தாபுராவில் இருக்கும் என் ஷெட்டுக்குள் ஒரு அம்மா செருப்பைக்கூடக் கழற்றாமல் வந்து நின்றார். பின்னாலேயே அவர் மகள் ஸ்டெல்லா ஓடி வந்தாள். காலையில் அந்தச் சட்டையைக் கொடுத்துவிட்டுப் போனவள் அவள்தான்.

பழைய பருத்தித் துணியிலிருந்து காகிதம் செய்து, அதைப் புத்தகமாகத் தைத்துக் கொடுப்பது என் தொழில். யாரிடமும் போய்ப் படித்ததில்லை. கெடுத்துக் கெடுத்துத்தான் கற்றுக்கொண்டேன். ஸ்டெல்லாவின் அப்பா கோலார் தங்கவயல் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். அவர் இறந்து ஒரு வருஷம் ஆகப்போகிறது; சர்ச்சில் நடக்கும் முதல் வருஷப் பூசைக்கு ஒரு புத்தகம் வேண்டும், சொந்தக்காரர்கள் அவரைப் பற்றி அதில் எழுத வேண்டும், அவர் கோயிலுக்குப் போட்டுப் போன நீலச் சட்டைதான் அதற்குக் காகிதமாக வேண்டும் என்று கேட்டிருந்தாள். நல்ல காட்டன். வாங்கித் தண்ணீரில் போட்டுவிட்டேன்.

"எங்க அது?" என்றார் அந்த அம்மா. வாளியைக் காட்டினேன்.

"பீரோல சும்னேதான இருந்துச்சு மம்மி, யாரும் போடாம," என்றாள் ஸ்டெல்லா.

"இருந்துச்சு. இத்தன நாளா அத ஏன் நான் துவைக்காம வெச்சிருந்தேன்னு யோசிச்சியாடி?"

எனக்கு அப்போதுதான் உறைத்தது.

அந்த அம்மா வாளியில் கைவிட்டுச் சட்டையை எடுத்தார். பிழிந்து, ஒரு உதறு உதறி, நான் காகிதம் காயப்போடும் கொடியில் போட்டு, காலரை இழுத்துவிட்டார். எத்தனையோ வருஷம் செய்த கை அது. பிறகு அதன் அடியிலேயே உட்கார்ந்துவிட்டார். நான் வைத்த டீ ஆறிப்போனது.

சட்டை காய்ந்ததும் முகத்தில் வைத்து முகர்ந்து பார்த்தார். "போயிடுச்சு," என்றார். சட்டையை மடியில் போட்டுக்கொண்டு, "இத என்னம்மா பண்ணுவ நீ?"

மறைக்காமல் சொன்னேன். "பொத்தான எடுத்துட்டு, துண்டு துண்டா வெட்டி, அரைக்கிற பீட்டர் மெஷின்ல போட்டு அடிப்பேம்மா. கூழாயிடும். அப்புறம் சட்டன்னு ஒண்ணு இருக்காது."

"பூராவும் வேணுமா?"

"கொஞ்சம் இருந்தாலும் போதும். வெள்ளைக் கூழோட கலந்துக்கலாம்."

கத்தரி கேட்டு வாங்கி, சட்டையின் கீழ்ப்பகுதியை மட்டும் நேராக வெட்டித் தந்தார். "எப்பவும் இன் பண்ணித்தான் போடுவாரு. இது யாரும் பாக்காத எடம். அவரு மட்டும் இருந்திருந்தா, புதுச் சட்டைய வெட்டிட்டியேன்னு கத்தியிருப்பாரு."

"அது எந்தக் காலத்துல மம்மி புதுசு?" என்றாள் ஸ்டெல்லா. மீதிச் சட்டையை மடித்து எடுத்துக்கொண்டு போனார்கள்.

வெள்ளைக் காகிதத்தில் அங்கங்கே நீல இழை ஓடியது. புத்தகம் வாங்க வந்த அன்று அந்த அம்மா முதல் பக்கத்தை விரலால் தடவினார். "இந்த நீலம் அவருதான?"

"ஆமாம்மா."

புத்தகத்தை மகளிடம் நீட்டினார். "மொதல்ல நீ எழுது. கேக்காம எடுத்துட்டுப் போனதையும் சேத்து எழுது."

இப்போதெல்லாம் யார் துணி கொண்டுவந்தாலும், அது காட்டன்தானா என்று பார்ப்பதற்கு முன்னால், "வீட்ல எல்லாருக்கும் தெரியுமா?" என்று கேட்கிறேன். சிலர் பையை எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். திரும்பி வருகிறவர்கள் பெரும்பாலும் தனியாக வருவதில்லை.