கோத்தகிரி வாசகசாலையில் சந்தேகம் கற்பித்தேன்

தத்துவம் நடத்துபவனுக்கு ஒரு சௌகரியம், பாடம் புரியவில்லை என்றால் பாடம் ஆழமானது என்று சொல்லிவிடலாம். நீங்களும் இந்தத் தொழிலில் மாட்டிக்கொண்டிருந்தால் இது தெரிந்திருக்கும்.

நான் கல்லூரி வாசலை மிதிக்காதவன்; படித்ததெல்லாம் பழைய புத்தகக்கடைச் சரக்கு. மனைவி இறந்தபின் வீட்டில் வாதாட ஆளில்லை. கோத்தகிரி வாசகசாலையில் ஓர் அறையைக் கேட்டு வாங்கி, ஞாயிறு மதியம் தத்துவ வகுப்பு ஆரம்பித்தேன். பயனில்லை என்று தெரிந்தால் அறையைத் தையல் வகுப்புக்குக் கொடுத்துவிடுவதாகச் செயலாளர் முதல் நாளே எச்சரித்தார்.

மூட்டையில் ஈரம்

"யாருக்கும் தெரியாமல் செய்யும் தப்பு, தப்பா?" என்று அறத்தில் தொடங்கினேன். முன்வரிசையில் சிறு விவசாயி பெள்ளி. அவர் பக்கத்தில், அவரிடம் தேயிலை வாங்கும் ஏஜென்ட் சண்முகம். எடை கூடுவதற்காகப் பெள்ளி இலை மூட்டையில் தண்ணீர் தெளிப்பார். சண்முகம் வெயில் நாளிலும் ஈரத்துக்கென்று எடையைக் கழிப்பார். வகுப்பே அவர்களைத் திரும்பிப் பார்த்தது. சண்முகம் எழுந்தார்.

"யாருக்கும் தெரியாம எங்கீங்க சார்? அவரு தெளிக்கறது எனக்குத் தெரியும், நான் கழிக்கறது அவருக்குத் தெரியும். இதுல ஏமாந்தது யாருங்க?"

வாசலில் சந்தேகம்

அடுத்த பாடம், அறிவின் எல்லை. மூடுபனியில் மரம் ஆளாகத் தெரிகிறதே, ஆகவே கண்ணெதிரே இருப்பது உண்மையில் இருக்கிறதா என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்றேன். எல்லோரும் தலையாட்டினார்கள். எனக்குப் பெருமை.

வகுப்பு முடிந்து கதவைத் திறந்தால், பனிக்குள் ஒரு காட்டெருமை நின்று அசைபோட்டுக்கொண்டிருந்தது. மொத்த வகுப்பும் உள்ளே திரும்பியது. எஸ்டேட்டில் இலை பறிக்கும் சரோஜா மட்டும் கதவைப் பிடித்தபடி என்னைப் பார்த்தார்.

"ஏனுங்க சார், அது இருக்குதா இல்லையான்னு உங்களுக்குத்தானே சந்தேகம்? நீங்களே முன்னால போங்க."

செயலாளர் வந்தார்

நண்பனின் நன்மைக்காகக்கூடப் பொய் சொல்லலாகாது என்று நான் நீட்டி முழக்கிக்கொண்டிருந்தபோது, சொல்லாமல் கொள்ளாமல் செயலாளர் உள்ளே வந்தார். நேரே சரோஜாவிடம், "இங்க வந்து என்னம்மா கத்துக்கிட்டீங்க?" என்றார். அறை தையல் வகுப்புக்குப் போகப்போகிறது என்றே நினைத்தேன். சரோஜா என்னைப் பார்த்தார், அவரைப் பார்த்தார்.

"பொய் சொல்லக் கூடாதுன்னு சார் இப்பத்தான் சொன்னாருங்க. ஒண்ணுமே புரியலீங்க. ஆனா வாரம் பூரா எல பறிக்கறப்ப இதை வெச்சுத்தான் சண்டை போட்டுக்கறோம். ரூமை எடுத்துட்டீங்கன்னா சண்டை பாதியில நின்னுருமுங்க."

அறை எங்களுக்கே நிலைத்தது; ஒன்றும் புரியவில்லை என்ற சாட்சியத்தால் பிழைத்த வகுப்பு வேறெங்காவது இருந்தால், அதன் ஆசிரியர் எனக்கு ஆறுதல் சொல்லலாம்.